இரண்டேகால் மணி நேரத் தொலைவில் தங்கை

விமான நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவளை விசாரணையக்கா என்றே கூப்பிட்டார்கள். வருகைக் கூடத்துக்குப் பின்னால், சாமான் வண்டிகளை வரிசையாகச் செருகி வைக்கும் நடையை ஒட்டினாற்போல, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதில் மூன்று மேஜைகள், மூன்று தொலைபேசிகள். நடு மேஜை அவளுடையது. ஊரில் யாருக்கு விமானத்தைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த எண்ணைத்தான் சுழற்றுவார்கள். "வணக்கம், விசாரணை" என்று அவள் குரல் எடுக்கும்.

ஜனங்கள் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான். இன்ன ஊருக்கு எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம்? அவளுக்கு அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் கேள்வி அதோடு நிற்காது. நடுவில் எங்கேயாவது நிறுத்துவார்களா, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு ஏறலாமா என்று ஒருவர் மிகுந்த மரியாதையோடு விசாரித்திருக்கிறார். போகும்போது கூடுதல் நேரமும் வரும்போது குறைந்த நேரமும் எப்படி ஆகும், தூரம் சுருங்கிவிடுமா என்று இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எதிர்க்காற்று, பின்காற்று என்று அவள் விளக்கியதை அவர் கடைசிவரை நம்பவில்லை. மகனை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போன ஒரு தாய், "இப்ப எந்த ஊருக்கு மேல போயிட்டிருப்பான்மா?" என்று கேட்டாள். பக்கத்து மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விசாரணையக்கா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பாதித் தூரத்துக்கு மேலேயே போயிருப்பார் அம்மா, நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லி வைத்தாள்.

இத்தனை பேருக்கு வழி சொன்னவள் ஒரு நாள்கூட விமானத்தில் ஏறியதில்லை. காரணம் காசோ பயமோ அல்ல, காது.

சின்ன வயதில் வந்த ஒரு கடும் காய்ச்சல் அவளுடைய இடது காதை வாங்கிக்கொண்டு போயிற்று. மிச்சமிருந்தது வலது காது. அதை வைத்துத்தான் பள்ளிக்கூடம், அதை வைத்துத்தான் இந்த வேலை. முப்பதைத் தாண்டியபோது அந்தக் காதிலும் சீழ் பிடித்து, அது எலும்பை அரித்து, அறுவைச் சிகிச்சை வரை போனது. காது டாக்டர் கெட்டிக்காரர். செவிப்பறைக்கு ஒட்டுப் போட்டுக் கேட்கும் சக்தியைக் காப்பாற்றிக் கொடுத்தார். கட்டுப் பிரித்த அன்று அவளை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்:

"உள்காதுக்கும் நடுக்காதுக்கும் நடுவுல இருக்கற சுவரு ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா. விமானம் இறங்கறப்ப காத்தழுத்தம் மாறும். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்ககிட்ட இருக்கறது ஒரே காது. அத வச்சுப் பந்தயம் கட்டாதீங்க."

விமான நிலையத்தில் சோறு தின்பவளுக்கு விமானம் ஆகாது என்று ஆனதை அவளே எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். இளம் வயதில் நிச்சயம் வரை வந்த சம்பந்தம் காது விஷயம் தெரிந்ததும் கைநழுவிப் போனதையும், "ஒத்தக் காதுக்காரிக்கு ரெட்டைக் காதுக்காரன் எதுக்கு? அவனுக்குக் கேக்கறதுல பாதி எனக்குக் கேக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு அவள் கல்யாணப் பேச்சை எடுக்கவும் இல்லை, எடுக்க விடவும் இல்லை.

அவளுக்கு இருந்த சொந்தமெல்லாம் ஒரு தங்கை. தாய் போனபோது அக்காளுக்குப் பதினாறு, தங்கைக்கு ஆறு. தலை வாரிவிட்டது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது, பல் விழுந்தபோது சமாதானம் சொன்னது எல்லாம் அக்காள்தான். தங்கை பிறவி வாயாடி. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் இரவு தூங்கும்போது பாதி வாக்கியத்தில்தான் நிறுத்துவாள். அதிலும் அவள் அக்காளுக்கு இடப்பக்கம் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நடக்கும்போதும் படுக்கும்போதும் வலப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்வாள்.

அந்த வாயாடியை ஒரு நல்ல மனிதர் கட்டிக்கொண்டு போனார். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளர். பேசுவதற்குக் காசு கேட்பார்கள் என்பதுபோல அளந்து பேசுகிறவர். "நல்லதாப் போச்சு, ரெண்டு பேருக்கும் சேர்த்து அவ பேசிடுவா" என்று அக்காள் சொன்னாள். ஆனால் அவருக்கு வேலை இருந்தது நாட்டின் மறுகோடியில். ரயிலில் போனால் ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்.

ரயிலில் அக்காள் ஒரு தடவைதான் போய்வந்தாள், தங்கைக்குப் பெண் பிறந்தபோது. அதற்குப் பிறகு லீவு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டதால் தங்கைதான் வருஷத்துக்கு ஒரு முறை பறந்து வருவாள். இறங்கியதும் நேரே வரமாட்டாள். வருகைக் கூடத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து, பிற்பாடு கைப்பேசியிலிருந்து, விசாரணைக்குக் கூப்பிட்டுக் குரலை மாற்றிக்கொண்டு, "ஏங்க, ஒரு அக்காவைத் தொலைச்சிட்டேன், எங்க கிடைக்கும்?" என்பாள். அக்காளும் விடாமல், அடையாளம் சொல்லுங்கள், நிறம் என்ன, உயரம் என்ன என்று கேட்பாள். ஒரு சுவருக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் நின்றுகொண்டு இரண்டு பேரும் குழந்தைகளைப்போலச் சிரிப்பார்கள்.

மற்ற நாட்களில் சாயங்காலத் தொலைபேசி. அக்காள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது மணி அடிக்கும். தங்கை அன்றைய கதையை எல்லாம் கொட்டுவாள்: குழாயில் தண்ணீர் வராதது, மகள் கணக்கில் கோட்டை விட்டது, எதிர்வீட்டுக்காரி வாங்கிய நாற்காலியின் கால் ஒடிந்தது. அக்காள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். தோளுக்கும் வலது காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொள்வதால் அவளுடைய கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக அலுவலகத்தில் கேலி செய்வார்கள். தங்கையின் மகள் வளர்ந்து, படித்து, வேலைக்காகக் கடல் தாண்டிப் போன பிறகு, அந்தப் பேச்சு இன்னும் நீண்டது.

ஆயுசு முழுக்கக் குரல்களைக் கேட்டே பிழைத்தவளை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஒரு மழைக்காலத்தில் தங்கையின் பேச்சு நடுநடுவே நிற்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். என்னடீ, மாடிப்படி ஏறிக்கொண்டு பேசுகிறாயா என்று அக்காள் கேட்டாள். சளி என்றாள் தங்கை. அடுத்த மாதமும் சளி. அந்த வருஷம் அவள் வரவில்லை. மகள் லீவில் வருவதால் வீட்டை விட்டு நகர முடியாது என்று சொன்னாள். மாப்பிள்ளையிடம் கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்று வழக்கம்போல அளந்துதான் பதில் வந்தது. பேசாத மனிதர் பொய் சொன்னால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அது ஒரு காலை நேரம். வேலை உச்சத்தில் இருந்தது. அவள் அழைப்பை எடுத்து வணக்கம் சொன்னாள். "அக்கா, நான்தான்" என்றது மாப்பிள்ளையின் குரல். அவர் ஒரு நாளும் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டதில்லை.

"அவளுக்கு நுரையீரல்ல புற்றுநோய் வந்திருக்கு. ஏழெட்டு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இப்ப டாக்டருங்க இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க. உங்களப் பாக்கணும்னு கேக்கறா. ரயில்ல வந்துடுங்கக்கா."

சொல்லிவிட்டு அவரே புரிந்துகொண்டார். இன்றைக்கோ நாளைக்கோ என்பவளைப் பார்க்க, நாளை சாயங்காலம் வந்து சேரும் ரயிலில் எப்படி வருவது? வைத்துவிடுங்கள், நான் வந்துவிடுகிறேன் என்றாள் அக்காள்.

மதிய விமானத்தில் இடம் இருந்தது. அதற்கு அவள் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரிக்கு அவள் காதின் கதை முழுக்கத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரையாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினாள். விசாரணையக்கா கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்த கதைதானே? போதாததற்கு அந்த வாரம் அவளுக்கு ஜலதோஷம் வேறு. மூக்கடைப்போடு ஏறுவது இன்னும் மோசம் என்று அவளே எத்தனையோ பேருக்குத் தொலைபேசியில் எச்சரித்திருக்கிறாள்.

"இந்தக் காத வச்சுக்கிட்டு நான் யார் பேச்சக் கேக்கப் போறேன்? அவ பேச்சுக்குத்தானே இத இவ்வளவு நாள் காப்பாத்தினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளாமல் கைப்பையோடு கிளம்பினாள்.

விமானத்தில் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். தரை விலகி, அவள் தினமும் வரும் சாலை நூல்போல இளைத்து மேகத்துக்குள் போயிற்று. அவள் எதையும் ரசிக்கிற நிலையில் இல்லை. ஏறும்போது காது விண்ணென்று தெறித்தது, பிறகு அடங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தாள். பாதி வழிக்கு மேல் ஒரு நம்பிக்கையே வந்துவிட்டது. தங்கையிடம் என்ன சொல்லித் திட்டுவது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள்.

இறங்கத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. ஆணியை வைத்து அடித்தாற்போல ஒரு வலி. எச்சிலை விழுங்கினாள், வாயைப் பெரிதாகத் திறந்தாள், பணிப்பெண் கொடுத்த மிட்டாயைச் சப்பினாள். வலி ஏறிக்கொண்டே போய், உள்ளே ஈரத் துணி கிழிந்ததுபோல் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. வலி சட்டென்று குறைந்தது. கூடவே விமானத்தின் இரைச்சலும் நின்றது. இயந்திரம்தான் நின்றுவிட்டது என்று அவள் பயந்து போனாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் பதறவில்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை அவளுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது.

எழுந்தபோது தரை படகுபோல ஆடியது. பணிப்பெண் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். வெளியே மாப்பிள்ளை நின்றார். ஒரேயடியாகக் கிழடு தட்டியிருந்தார். அவர் உதடு அசைந்தது. அவள், காது அடைத்திருக்கிறது, கொஞ்சத்தில் சரியாகிவிடும் என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பதும் தெரியவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவில் அவர் இரண்டு மூன்று தடவை அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். தங்கையிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரி அறையில் தங்கை கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். மூக்கில் குழாய். கண் மட்டும் பழைய கண். அக்காளைப் பார்த்ததும் அந்தக் கண் அகன்றது, நிறைந்தது. பிறகு அவள் மெள்ளக் கையைத் தூக்கி அக்காளின் வலது காதைத் தொட்டு ஏதோ கேட்டாள். கேள்வி என்ன என்பதற்குக் காது தேவையில்லை.

"காதுக்கு ஒண்ணும் ஆகலடீ. நல்லாக் கேக்குது. நீ பேசு" என்றாள் அக்காள். கூடியவரை குரலைத் தாழ்த்தியே சொன்னாள்.

தங்கை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். கணவரை வெளியே போகும்படி சைகை காட்டினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நின்று நின்று, மூச்சை இழுத்து இழுத்து வெகுநேரம் பேசினாள். உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. அக்காள் அந்த உதடுகளில் கண்ணைப் பதித்திருந்தாள். ஒரு வார்த்தையாவது பிடிபடாதா என்று பார்த்தாள். அம்மா என்று ஒருமுறை சொன்னதுபோல் இருந்தது. மகள் பெயராகவும் இருக்கலாம். தங்கை சிரித்தபோது சிரித்தாள். அழுதபோது துடைத்துவிட்டாள். கடைசியில் தங்கை பேச்சை நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கிறவளைப்போலப் பார்த்தாள். அக்காளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"சரிம்மா, அப்படியே செய்றேன்" என்றாள்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை. மறுநாள் காலை, சாளரத்தில் வெயில் விழும் நேரத்தில், கை தானாகத் தளர்ந்தது.

அந்த ஊர்க் காது டாக்டர் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இனி அந்தக் காதை நம்புவதற்கில்லை. அக்காளுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. அவளை அரித்தது வேறொன்று. எதற்குச் சரி என்றோம்? எதைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தோம்? மகளைப் பார்த்துக்கொள் என்றாளா, அவரைத் தனியாக விடாதே என்றாளா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்கச் சொன்னாளா? செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரார் இளப்பமாகச் சொல்வதைத் தன் விஷயத்தில் நிஜமாக்கிவிட்டோமே என்று சோறு இறங்காமல் கிடந்தாள்.

கடல் தாண்டியிருந்த மகள் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது. அந்த ஊரிலிருந்து இரண்டு விமானம் மாற வேண்டும், ஒன்று தாமதம். வந்தவள் அம்மாவின் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். மூன்றாம் நாள், காது போனது எப்போது என்று தெரியாமலே, பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: அம்மா கடைசியில் உங்களிடம் என்ன சொன்னாள்?

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. உன்னைப் பற்றித்தான் சொன்னாள், உன்னை நினைத்துப் பெருமைப்பட்டாள் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யே நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலடா. கேக்குதுன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

மகள் முகம் சுருங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டாள். எதிர் நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். தன் கைப்பேசியை எடுத்து ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டத் தொடங்கினார். அவருக்கு அதில் பழக்கம் இல்லை. தட்டுவதும் அழிப்பதுமாக ஒரு யுகம் போயிற்று. பிறகு நீட்டினார்.

'அவளுக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி நீங்க கண்ணசந்தப்ப என்கிட்ட சொன்னா. அக்கா காது போயிடுச்சு, என்னாலதான் போச்சு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னா. தெரிஞ்சும் நீ ஏன் அவ்வளவு நேரம் பேசினேன்னு கேட்டேன். வலிக்குது, பயமா இருக்குன்னு எல்லாம் அக்காகிட்ட சொல்லாம மறைச்சு வச்சிருந்தேன், கேக்காதுன்னு தெரிஞ்சதும் தைரியமா சொல்லிட்டேன்னா. பாரம் இறங்கிடுச்சுன்னா.'

அவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். சாவு வீட்டில் அதுவரை வாய்விட்டு அழாதவள், அன்றைக்கு அழுதாள். எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று தெரியாமல் அழுதாள். உள்ளே போன பெண் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைப்பேசியை அக்காள் அவளிடமும் நீட்டினாள். தங்கை ஏமாறவில்லை என்பது ஒரு விதத்தில் ஆறுதல். ஆனால் கடைசி நாளிலும் அவள் அக்காளுக்காக நடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அக்காள் காது தன்னால் போயிற்று என்ற எண்ணத்தோடும் போயிருக்கிறாள். அதை இல்லையென்று மறுக்க இனி ஆள் இல்லை. வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று அவள் சொன்ன இடத்தில் தான் சிரித்தோமா என்று நினைத்துப் பார்க்கும்போது, அந்த நினைப்பு இன்றுவரை அவள் நெஞ்சைப் பிடுங்குகிறது.

ஊர் திரும்ப ரயில்தான். "இனிமே தாராளமா விமானத்துல ஏறலாம், போக வேண்டியது போயாச்சு" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த வேடிக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை. தலைசுற்றல் இன்னும் விடாததால் மாப்பிள்ளை கூட வந்தார். வேலையில் அவளைப் பிரயாணிகள் தவறவிட்ட சாமான்களைக் காக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே குடைகளும் கண்ணாடிகளும் குழந்தைகளின் ஒற்றைச் செருப்புகளும் இருந்தன. பேச வேண்டியவர்கள் நேரில் வந்து பொருளைக் காட்டுவார்கள். பக்கத்து மேஜைக்காரி மதியம் வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மாப்பிள்ளை இரண்டு நாள் தங்கி, கொழுகொம்பு இல்லாத கொடிபோல வீட்டைச் சுற்றி வந்து, பிறகு விமானத்தில் திரும்பினார். அவரை வழியனுப்பப் புறப்பாட்டு வாயில்வரை போனாள். சோதனை வரிசைக்குள் நுழைந்தவர் திரும்பி நின்று ஏதோ சொன்னார். தலையாட்டிவிடலாம் என்று கழுத்து தானாக அசையப் பார்த்தது. அவள் தடுத்துக்கொண்டாள்.

"கேக்கல மாப்பிள்ளை. இங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் வரிசையை விட்டு விலகி, கம்பி ஓரம் வரை வந்து, உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்தார். அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை என்றாள். அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு அவளுடைய வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். காலையில் பூட்டியவர் மறந்து பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் அதை வாங்கிக்கொண்டாள்.